நலம்

"கடுவனோ, பெட்டையோ?" என்று கேட்டுத்தான்
மீன்பெட்டிக்குள் இருந்து அவர் அதைத் தூக்கினாராம்.
கடுவன்.
"அப்ப பிரச்சினையில்லை" என்றாராம்.

அது ஆவணியில்.
நீட்டிய வாலைப் பார்த்து
சுக்கான் என்று பேர் வைத்தது சின்னவள் ஆரபி.
மாசியில் ஒருநாள்
முருங்கையடியில் முதன்முதலாய்க் காலைத் தூக்கி
நிலை தவறி விழுந்தது.
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்துக்கொண்டே நான் கலண்டரைப் பார்த்தேன்.

மிருக வைத்தியர் பஸ்மியா சொன்னார்:
"ஆறு மாதத்திலேயே செய்யலாம்.
ஆனால் இது பெரிய இனக் கலப்பு, கால் எலும்பு இன்னும் வளருது,
ஒரு வயது தாண்டட்டும்.
ஆனால் மதில் பாய வெளிக்கிட்டால்
பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்."
இரண்டு ஆனாலையும் பைக்குள் போட்டுக்கொண்டு
ஓட்டோவில் ஏறினேன்.
பஸ் நிலையத்தடியில் கொம்பு உதிர்ந்த கலைமான் ஒன்று
காட்போட் மட்டையை மென்றுகொண்டு நின்றது.
அதற்குத் திரும்பவும் முளைக்கும்.

எங்கள் மதில் நாலரை அடி.

நியூட்டர் என்று நான் சொன்னது
அவருக்கு நியூற்றல் என்று கேட்டது.
"நியூற்றலில விட்டால் எஞ்சின் உறுமும், படகு போகாது.
அதுவும் ஒரு சீவியமே?"
கை முழுக்கக் கிறீஸ்.
"ஆம்பிளைப் பிள்ளை. இன்னும் கொஞ்சம் போகட்டும்."
கொஞ்சம் என்றால் எத்தனை மாதம் என்று கேட்டால்
பதினேழாம் நம்பர் சாவியைத் தேடப் போய்விடுவார்.

மாட்டுக்குச் செய்தால் நலமடிக்கிறது என்பார்கள்.
நலத்தை அடிப்பதா,
நலத்துக்காக அடிப்பதா,
கேட்டால் அந்தச் சொல்லுக்கும் தெரியாது.

பங்குனியில் பாய்ந்தது.
மூன்று இரவு வரவில்லை.
திருக்கடலூர்க் கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தடியில்,
டோர்ச் வெளிச்சத்துக்குள் ஏழு நாய்கள்.
நடுவில் ஒரு மெலிந்த மண்ணிறப் பெட்டை.
இருக்கவும் இல்லை அது, ஓடவும் இல்லை,
இரண்டுக்கும் விடவில்லை.
வரிசையில் நாலாவதாய் எங்கள் சுக்கான்,
காது கிழிந்து,
என்னை முன்பின் கண்டிராத மாதிரி
ஒரு பார்வை பார்த்தது.

பெரியாஸ்பத்திரியில்
மூன்றாவது பிள்ளையை வெட்டி எடுத்த அன்று
"இதோட கட்டிவிடுங்கோ" என்று
தாளில் ஒப்பம் வைத்தவர் அவர்தான்.
பேனையைத் திறந்ததும் மூடியதும்
ஒரு நிமிடம் வராது.
எனக்கும் சம்மதம்தான். களைத்துப்போய் இருந்தேன்.
குறையாய்ச் சொல்லவில்லை.
நாய்க்கு இத்தனை மாதம் யோசிக்கும்போது
கணக்கு தன்பாட்டில் வருகிறது.

வருடப்பிறப்பு கழிந்த செவ்வாய் என்று எழுதிக்கொண்டேன்.
ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்,
எந்த ஆனாலுக்கும் பொருந்தாத ஒரு திகதி.

முதல்நாள் இரவு பத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை.
விடியக் காலமை
வெறுந்தட்டை மூக்கால் தள்ளித் தள்ளி
குசினி வாசலில் கொண்டுவந்து வைத்தது.
நான் தேத்தண்ணி போடவில்லை.

வரமாட்டேன் என்றவர்
கை கழுவிவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினார்.
கடற்படை முகாம் வளைவு வரைக்கும்
அந்தக் கிழிந்த காதைப் பொத்திப் பிடித்திருந்தார்.
கதைக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு தாள்.
கீழே புள்ளிக்கோடு: உரிமையாளர் ஒப்பம்.
பேனையை என் பக்கம் தள்ளினார்.
நான் அவர் பக்கம் தள்ளினேன்.
மேசையில் அது கொஞ்சம் உருண்டு
தடுப்பூசி அட்டையில் முட்டி நின்றது.
உள்ளே பஸ்மியா கையுறை இழுக்கும் சத்தம்.
சுக்கான் கதிரைக்குக் கீழே படுத்துவிட்டது.

கடைசியில் அவர்தான் எடுத்தார்.
முதல் எழுத்துக்கு மை வரவில்லை.
உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்,
பிறகும் தேய்த்துப் பார்த்தார்.
நான் அவசரப்படுத்தவில்லை.