பக்கவாட்டில் அசையும்

கொழுப்புக்கட்டி என்றார் அடிவாரத்து டீக்கடைக்காரர்.
அவர் முதுகில் மூன்று இருக்கிறதாம்.
எனக்கு இடது முழங்கைக்கு மேலே, உள்பக்கம்.
முதலில் புளியங்கொட்டை.
நாலு வருஷத்தில் நெல்லிக்காய்.

வலிக்கவில்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.
ஒன்பதாம் வளைவில், கியர் இறக்கும்போது,
என்ஜின் மூடி விளிம்பில் இடித்தது.
சுண்டுவிரல் நுனிவரை கரண்ட்.
மோதிரவிரலில் பாதி.
சரியாகப் பாதி, கோடு கிழித்த மாதிரி.
பஸ்ஸில் நாற்பத்தாறு பேர்,
ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சேலம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா
இரண்டு விரலால் கட்டியைப் பிடித்தார்.
இந்தப் பக்கம் தள்ளினார், போனது.
அந்தப் பக்கம், போனது.
மேலே தள்ளினார், நின்றது.
கீழே, நின்றது.
"நரம்புல உக்காந்திருக்கு."
கயிற்றில் விழுந்த முடிச்சு
குறுக்கே ஆடும், கயிற்றோடு ஓடாது.
கேன்சரா என்று கேட்டபோது வராத வியர்வை
இல்லை என்றதும் வந்தது.

நரம்பை ஒற்றைக் கம்பி என்று நினைத்திருந்தேன்.
கேபிளாம். நூற்றுக்கணக்கில் இழை.
இழைக்கு உறை சுற்ற ஒரு செல்.
நிறுத்தத் தெரியாத உறைக்காரன் ஒருத்தன்
பெருகிக்கொண்டே போனதுதான் என் நெல்லிக்காய்.
பெயர் ஷ்வானோமா.
கண்டக்டர் குணபூஷணம் கடைசிவரை
"சாமிநாமா" என்றே விசாரித்தார்.

பக்கத்துக் கட்டில் சடையாண்டி.
நாகலூர், காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை.
அவனுக்கு ஒன்றல்ல.
மார்பில், கழுத்தில், இமையோரத்தில்,
அமுக்கினால் உள்ளே போய்
விட்டால் திரும்பி வரும் மெத்தென்ற உருண்டைகள்.
முதுகெங்கும் பழுப்புத் திட்டு,
பால் தூக்கலாய் விட்ட காப்பி நிறம்.
டாக்டர் புத்தகத்திலும் அதற்குக் காப்பிப் பெயர்தான்
என்று நர்ஸ் சொன்னதும் சிரித்தான்:
"பொறக்கறப்பவே தோட்டத்துல பேர் எழுதிட்டாங்க."

உறைக்காரன் இரண்டு பேருக்கும் ஒருத்தன்தானே,
பின்னே ஏன் எனக்கு மட்டும் ஆபரேஷன்?
ஹெப்சிபா ஏற்காட்டுக்காரர்:
"உங்களது சில்வர் ஓக்குல ஏறின மிளகுக்கொடி.
பிரிச்செடுத்தா மரம் நிக்கும்.
அவருது மரத்து நாரிலேயே கலந்திருக்கு.
எடுத்தா நாரும் வரும்."
வலிக்கிற ஒன்றை மட்டும் எடுப்பார்களாம்.
தொடையில் புழுப்பை போல் நெளியும் ஒன்று உண்டு,
அதை மட்டும் வருஷா வருஷம் பார்க்கணும்.
அது குணம் மாறக்கூடிய ஜாதி.

எனக்கு ஒரு மணி நேரம்.
சுளையைக் கீறியதும் பலாக்கொட்டை வந்த மாதிரி
முழுசாக வந்ததாம்.
லேபில் ஒரு பெண் கண்ணாடியில் காட்டினாள்.
நட்ட செடிபோல் வரிசை வரிசையாய் ஊதாப் புள்ளிகள்,
வரிசைக்கு நடுவே வெறும் பாத்தி.
அதை ஒட்டியே, ஐப்பசி மழையில் சரிந்த மண்ணாய்
எதுவும் எதையும் பிடிக்காத ஓர் இடம்.
"ரெண்டும் இருந்தா இதுதான்," என்றாள்.
என் கைக்குள் ஒரு எஸ்டேட் இருந்திருக்கிறது,
வாடகை கேட்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் சுண்டுவிரல் எனக்குச் சொந்தமில்லை.
கியர்க் குமிழில் அது ஒட்டி வைத்த விரல்.
நாலாம் மாதம் எறும்பு ஊர்ந்தது,
பிறகு குளிர் தெரிந்தது.

போன செவ்வாய் சடையாண்டி அடிவாரத்தில் ஏறினான்.
ஜன்னலோரத்து ஆள் பையை நடுவில் வைத்தார்.
நான் என்ஜின் மூடியைத் தட்டிக் காட்டினேன்.
மடியில் மகள், தர்ஷிகா, இரண்டு வயசு,
கொலுசுக் கால் என் கியருக்குப் பக்கத்தில்.
"உன் நெல்லிக்காய் போச்சா?"
"போச்சு. உனக்கு?"
"ஒண்ணு போச்சு. ரெண்டு வந்துச்சு."

பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்று
வார்டில் அவனிடம் டாக்டர் சொன்னபோது
நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.
ஆறு திட்டு இருந்தால்
கூட்டி வரச் சொன்னதும் கேட்டது.

முட்டிக்குக் கீழே ஒன்று.
கெண்டைக்காலில் இரண்டு.
பாவாடை விலகியபோது இன்னொன்று, சின்னது.
பதினேழாம் வளைவில் அவள் திரும்பி உட்கார்ந்தாள்,
கழுத்தடியில் ஐந்து.
அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபதாம் வளைவு வந்தது.
எதிரே லாரி.
ரோட்டைத் தவிர வேறெதையும்
நான் பார்க்கவில்லை.