ஒரு மணி நேரம் குறைந்த ஞாயிறு

இன்று விடியற்காலை மூன்று மணி
எங்கள் நாட்டில் நான்கு மணியாகிவிட்டது.
எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால்
யாரும் எதிர்க்கவில்லை.

சமையலறைக் கடிகாரத்தை மட்டும் நான் தொடவில்லை.
அப்பா அதை ஒருநாளும் மாற்றியதில்லை.
"அக்டோபரில் தானே சரியாகிவிடும்,
அவசரமெல்லாம் அரசாங்கத்துக்குத்தான்" என்பார்.
அரை வருடம் நாங்கள்
ஒன்றைக் கூட்டிக் கூட்டிப் பள்ளிக்கூடம் போனோம்.
லேலோ கணக்கு டீச்சர் ஆனது அப்படித்தான்.
எங்கே போனாலும் நான் கடைசியாகப் போய்ச் சேர்வதும்
அப்படித்தான்.

தாமுலா ஏரியின் பனிக்கட்டி
கரையை விட்டு ஒரு முழம் விலகியிருக்கிறது.
நடுவில் யாரோ விட்டுப்போன மீன்பிடி முக்காலி.
எடுக்கப் போகவும் முடியாது,
மூழ்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

பக்கத்து வீட்டு ஊலோ
பிர்ச் மரத்தில் துளையிட்டு வாளி கட்டியிருக்கிறார்.
சொட்டு.
மறந்துபோன பிறகு
இன்னொரு சொட்டு.
வேலிக்கு மேலாக ஒரு ஜாடி நீட்டினார்.
தண்ணீர்தான்.
இனிக்கிறதா என்று யாராவது கேட்டால்
ஆமாம் என்று சொல்லிவிடலாம், அந்த அளவுக்கு இனிப்பு.
நூறு லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு.
இது நான் சொல்வதல்ல,
அப்பாவின் நோட்டில் இருக்கிறது.

அதில் எல்லாமே இருக்கிறது.

'மார்ச் 19. பொன்மூக்கன் வந்தது. வெண்ணெய் விலை ஏறிவிட்டது.
நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பற்களாம். டீட்டுக்கு ஒன்று விழுந்தது.'

'மார்ச் 27. மைமுவின் சூப்பில் உப்பில்லை. சொல்லவில்லை.'

'மார்ச் 28. இன்றும்.'

மைமு எங்கள் அம்மா.
அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், அவள் கையெழுத்து:
'டாக்டர் சொன்னார். உனக்குச் சொல்லவில்லை.'

பொன்மூக்கன் என்பது ஸ்டார்லிங்.
எந்தச் சத்தத்தையும் திருடிவிடும்.
ஊலோ வீட்டுக் கதவு பல வருடம் கிறீச்சிட்டது.
போன இலையுதிர்காலத்தில்தான் எண்ணெய் போட்டார்.
கதவு திருந்திவிட்டது,
பறவை திருந்தவில்லை.
தெற்கே எங்கோ குளிர்காலத்தைக் கழித்துவிட்டு
அந்தக் கிறீச்சை பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

எங்கள் மொழியில் அவனும் இல்லை, அவளும் இல்லை.
இரண்டுக்கும் ஒரே சொல்.
வருவேன், போவேன் என்று
நாளைக்கென்று தனி வினையும் கிடையாது.
வருகிறேன் என்றால் இப்போதாகவும் இருக்கலாம்,
அடுத்த வருடமாகவும் இருக்கலாம்.
அதனால்தான் இந்தத் தொல்லை.

நோட்டின் கடைசி வரி, மூன்று வருடத்துக்கு முன்:
'நாளை வருகிறார்.'

யார்?

லேலோ தாம்பரேயிலிருந்து போனில் சொல்கிறாள்,
புகைபோக்கி துடைக்கிறவர், வேறு யார்.
டீட் ஒன்றும் சொல்வதில்லை.
அந்த வியாழக்கிழமை அவன் படகைத் தவறவிட்டான்,
அல்லது தவறவிட்டதாகச் சொன்னான்.
நானோ அதற்கு முந்தைய நாள்
பேச்சை முடிப்பதற்காக,
வேறு எதற்காகவும் இல்லை,
"சரி, நாளை வருகிறேன்" என்று போனை வைத்தவள்.

இன்று மறுபடி புரட்டினேன்.
அந்த வருடம் எந்தப் பக்கத்திலும்
பொன்மூக்கன் வந்ததாக இல்லை.
பறவைக்கும் அதே வினைதான், அதே முற்றுப்புள்ளிதான்.
லேலோவிடம் சொன்னால் சிரிப்பாள்.
டீட்டிடம் சொல்லலாம், அவனுக்குப் பிடிக்கும்.

உருளைக்கிழங்கு வேகிறது.
உப்பு போட்டேனா என்று நினைவில்லை.
வெளியே கதவு கிறீச்சிடுகிறது.
தெரியும், எண்ணெய் போட்ட கதவு, தெரியும்,
இருந்தும் கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறேன்.

கைபேசியில் மணி பன்னிரண்டு.
இந்த அறையில் இப்போதுதான் பதினொன்று.