செயல்பாட்டில் மாற்றம் எதுவுமில்லை

புளியரை சோதனைச் சாவடிக்கு எதிர்மாடி.
சாரல் ஜன்னல் வழியே கீபோர்டில் விழுகிறது.
துடைத்துவிட்டு எண்ணுகிறேன்:
கர்னலுக்குள் ஒரே தேடல், பதினோரு இடங்களில்.

ஒன்று பட்டியலைத் தலையிலிருந்து வால்வரை நடக்கிறது.
ஒன்று பூட்ட மறக்கிறது.
ஒன்று பூட்டி, கண்டுபிடித்து,
திறந்துவிட்டு
அப்புறம் தொடுகிறது.
அந்த இடைவெளியில்
குழுவே கலைந்து போயிருக்கலாமென்று
எழுதியவருக்குத் தோன்றவில்லை.
மேலே ஒரு குறிப்பு:
"இது ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை. தொடாதே."
தேதி, நான் ஒன்பதாவது படித்த வருஷம்.

கீழே வைக்கோல் லாரிகள் ஆறு,
ஆரியங்காவு ஏற வேண்டியவை.
இசக்கியப்பன் நோட்டில் எழுதுவது
முதல் வண்டியின் நம்பர் மட்டும்.
அதன் முன்னால் சின்னதாய் ஒரு கோடு போட்டால்
வண்டியில்லை, கூட்டம் முழுக்க.
இங்கேயும் அப்படித்தான்:
எண்ணுக்கு முன் ஒரு கழித்தல் குறி,
'நில்' எல்லாருக்கும் போய்ச்சேரும்.
அவரிடம் சொன்னேன்.
"யாரு யாரப் பாத்து எழுதினது?" என்றார்.

நேற்று முதல் வண்டி, ரேடியேட்டர் போய்,
செங்கோட்டைக்கே திரும்பிவிட்டது.
மீதி ஐந்தும் அதன் நம்பரில்தான் நிற்கின்றன.
கடைசி வண்டி மலையேறும்வரை
அந்த நம்பர் வேறு யாருக்கும் கிடையாது.
ராத்திரி டூட்டிக்கு வந்த புது ஆள்
நம்பரை வைத்து வண்டியைத் தேடி,
காணோமென்று
பக்கத்தைக் கிழிக்கப் போனார்.
ஐந்து ஹாரன்கள்.

எனக்கு ஆறாவது இடம் விளங்கியது அப்போது.
தலைமைச் செயல் முடிந்தால் குழுவும் முடிந்ததென்று
பல வருஷமாய்ப் பக்கம் கிழித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மணிக்கு ஒரே செயற்கூறு, பதினெட்டு வரி.
எண்ணைக் கொடு, பூட்டோடு தருகிறேன்.
இல்லையென்றால் வெறுங்கை.
வெறுங்கையா என்று பார்க்காமல் நகராதே.
திறப்பது கேட்டவர் பாடு.
பதினோரு இடத்தையும் அழித்தேன்.
'தொடாதே'யில் மட்டும் கொஞ்சம் நின்றது கர்சர்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிடக் கீச்சிட
விளக்கக் குறிப்பை அடித்தேன்:
"தேடல் ஓரிடத்துக்கு வந்தது.
செயல்பாட்டில் மாற்றம் எதுவுமில்லை."

அடித்ததும் உறுத்தியது.
ஆறாவது?
அதை உருவித் தனித் திருத்தமாக வைத்து,
அதன் தலையில் 'பிழை' என்றே எழுதினேன்.

விடியுமுன் ஐந்தாவது வண்டி
இரண்டாம் கியரில் முனகி ஏறியது.
டார்ச் வெளிச்சத்தில் இசக்கியப்பன்
நோட்டைத் திறக்கிறார்,
இனி அந்த நம்பரை அடிக்கலாம்.