காலி வண்டி எடை

வைகாசி முடிவதற்குள் சீசன் தொடங்கிவிட்டது.
காவேரிப்பட்டணம் ரோட்டில், மாங்கூழ் ஆலை வாசலிலிருந்து
புளியமரம் வரை டிராக்டர் வரிசை.
எடைமேடைக் கூண்டில் எனக்கு இரவு ஷிப்டு.
சிவப்பு எண் ஓடும் பெட்டி, அடிக்கடி மக்கர் பண்ணும் பிரிண்டர்,
இழுப்பறையில் ஏழு புத்தகங்கள்.

சேலத்துச் சிறுபத்திரிகை அனுப்பியவை.
மாதக் கடைசிக்குள் மதிப்புரை, தலா முந்நூறு சொல்.
பணம் கிடையாது, புத்தகம் உங்களுக்கே என்றார் ஆசிரியர்.

முதல் நாவலில் நாற்பது பக்கம் மழை பெய்தது.
எங்கள் ஊரில் அவ்வளவு பெய்தால்
அணையைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று எழுதினேன்.
ஆசிரியர் ரசித்துச் சிரித்தார்.
மறுநாள் எனக்குத்தான் உறுத்தியது,
அந்த மழையில் ஒற்றைச் செருப்போடு நின்ற தபால்காரனை
நான் ஏன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை?

இன்னொன்றை எழுதியவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது.
தாம்பூலப் பையில் தேங்காயை
சில்லுச் சில்லாக உடைத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

ஒரு தொகுப்பில் பதினோரு கதை.
ஒன்பதாவதில் ஒருத்தி காலி சிலிண்டரை
உருட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புகிறாள்.
அவ்வளவுதான் கதை.
விடிகாலை மூன்றரைக்கு இரண்டு தரம் படித்தேன்.
வெளியே ஹாரன் அடித்தபோது
உள்ளங்கையில் இரும்பு வாசனை.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மாங்காய்ப் பால் கறையோடு நிற்பது ஒன்று.
அதற்கும் முந்நூறு சொல் எழுதினேன்.
இதில் பெருமையில்லை.

ஐந்தாவதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
பேச்சு முறிந்த அண்ணன் தம்பி, ஒரே கிணறு, ஒரே மோட்டார்.
ஒருவன் நிறுத்துவதற்கும் மற்றவன் போடுவதற்கும்
நடுவிலுள்ள நேரத்தில் மட்டும் நாவல் நடக்கிறது.
முடிவுக்குப் பக்கத்தில் அண்ணன்
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சீட்டை மடித்து வைக்கிறான்.
தம்பி கை பெட்டிக் கதவில் இருக்கிறது.

அப்போது சந்தூர் திம்மராயன் வண்டி
லோடு இறக்கிவிட்டுக் காலியாக மேடை ஏறியது.
பிரிண்டர் செத்துக் கிடந்தது.
பெட்டி காட்டியது நாலாயிரத்து நானூற்று இருபது,
நான் எழுதியது நாலாயிரத்து இருநூற்று நாற்பது.

காய்க்காத நூற்றெண்பது கிலோ பெங்களூரா
என் கையெழுத்தில் காய்த்தது.
சனிக்கிழமை கணக்கு பார்த்த லட்சுமிபதி கண்டுபிடித்தார்.
கிலோ எட்டு ரூபாய், சம்பளத்தில் பிடித்தம்
ஆயிரத்து நானூற்று நாற்பது.
அட்டையில் போட்ட விலை முந்நூற்று இருபது.
எனக்கு வந்தது இலவசப் பிரதி.

நிறை வண்டி ஒரு தடவை, காலி வண்டி ஒரு தடவை,
கழித்தால் சரக்கு.
பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே விமர்சன முறை.
ஆனால் இந்தப் புத்தகம் ஏறுமுன்
நான் எவ்வளவு இருந்தேன் என்று
யாரும் குறித்துவைக்கவில்லையே.
இதையும் நூற்றெண்பது கிலோவையும் மதிப்புரையில் எழுதியிருந்தேன்.
சொந்த விஷயம் வேண்டாமே என்று ஆசிரியர் வெட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எடுத்த ஆறாவது
மெலிந்து தெரிந்தது.
பாவம், வரிசையில் அதற்கு முன்னால் நின்றது அப்படி.
ஏழாவது இன்னும் பிரிக்காத கவரில்.

நேற்று திம்மராயன் அடுத்த லோடோடு வந்து
கூண்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றினான்.
"இன்னிக்கு புக்கு இல்லியாம்மா?"
அவனைச் சொல்லிக் குற்றமில்லை,
நான் படித்ததில் லாபம் பார்த்த ஒரே ஆள்.
"அது சரி, அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?"
கடைசி வரைக்கும் சொல்லவில்லை என்றேன்.
"ஆயிரத்து நானூறு குடுத்தும் சொல்லலியா?"

மேடையில் அவன் வண்டி
ஒன்பதாயிரத்து நூற்றுப் பத்து.
இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.