அறுபத்தொன்றாம் பக்கம்

மில்வாக்கி விமான நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல்.
இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
பதினோராவது மாதமாக
மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர்,
அந்தப் பக்கம் அவர்கள் ஏழு.
நடுவில் ஒரு தண்ணீர்க் குடுவை. யாரும் தொடுவதில்லை.
முதலில் தாகம் எடுப்பவர் தோற்றார் என்று
யாரும் எழுதாத ஒரு விதி.

கம்பெனி வக்கீல் பிரெஸ்காட் லைல்
நல்ல பையன். குரலை உயர்த்துவதில்லை.
"சந்தை நிலவரம்" என்பான்
நாங்கள் மேகமூட்டம் என்று அறிவிக்கிற அதே தொனியில்,
தன் கை படாத ஏதோ ஒன்றைப் போல.
நாங்கள் சம்பளத்தைக் கொடுத்த வருடம்
இவன் ஏழாம் வகுப்பில் இருந்திருப்பான்.

திவால் நீதிமன்றம். நூற்றுக்கு முப்பத்திரண்டு வெட்டு.
பென்ஷன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போனது.
ஸ்டகோவியாக் படகை விற்றான்,
அடுத்த கோடையில் படகு நின்ற கொட்டகையையும்.
ஹாரியெட் லின்ட்க்விஸ்ட்
நான்கு பட்டை போட்ட சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு
லீவு நாட்களில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தாள்.
ஒருமுறை, அவள் டென்வரிலிருந்து கொண்டுவந்து இறக்கிய
பயணி ஒருவரின் வீட்டுக்கே.
அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
ஏணியில் ஏறியவளிடம்
"உயரம் என்றால் பயமில்லையா?" என்றாராம்.

நான்?
நான் 'சம்மதம்' என்று ஓட்டுப் போட்டவள்.
இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில்
எடையைக் குறைக்கத்தானே பார்ப்போம் என்று
கூட்டத்தில் எழுந்து பேசியவளும் நான்தான்.
கைதட்டினார்கள்.
பெட்டிகளை வெளியே எறிந்தோம். எங்கள் பெட்டிகள்.
அதோடு, பெட்டி தூக்கியவர்களையும்:
அவர்கள் வேலை குத்தகைக்குப் போனது, முந்நூறு பேர்.
அவர்களுக்கு இப்படியொரு மேசை
இன்றுவரை யாரும் போடவில்லை.

விட்டுக்கொடுத்தோம்.
இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்.
விடுவது இருக்கிறது, கொடுப்பது இருக்கிறது,
வாங்குவதற்கு ஓர் எழுத்துக்கூட இடமில்லை.

போன வாரம் பனியில் அணிவகுத்தோம்,
சீருடையோடு, பேசாமல், இரண்டு வரிசையாக.
சூட்கேஸ் இழுத்துக்கொண்டு வந்த ஒருவர் நின்றார்:
"உங்களுக்கே போதவில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?"
அவருடைய கேட் மூடுவதற்குள் சொல்லி முடிக்கிற அளவு
சின்னப் பதில் என்னிடம் இல்லை.
போய்விட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரவு ஒன்று நாற்பது.
ஏழு சதவீதம், மூன்று வருடத்தில் பிரித்து, என்கிறான் லைல்.
ஸ்டகோவியாக் கால்குலேட்டரைத் தொடவில்லை.
முப்பத்திரண்டு போனதை மீட்க நாற்பத்தேழு வேண்டும்.
நடுவில் கிடைத்த ஒன்றையும் இரண்டையும்
விலைவாசி தின்று ஏப்பம் விட்டாயிற்று.
நூறிலிருந்து இறங்குவது ஒரு கணக்கு,
அறுபத்தெட்டிலிருந்து ஏறுவது வேறு கணக்கு.
ஏறத்தான் எரிபொருள் அதிகம் என்று
எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இடைவேளை. தாழ்வாரத்தில் சிப்ஸ் மெஷின் உறுமுகிறது.
போனில் கெண்ட்ரா வூஸ்லி: "என்ன ஆச்சு? நிறுத்துகிறோமா இல்லையா?"
வெட்டுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள்.
அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை;
அவளுக்காக நாங்கள் கொடுத்திருந்தோம்.

பழைய ஒப்பந்தத்தைப் புரட்டுகிறேன். அறுபத்தொன்றாம் பக்கம்.
"தற்காலிகமாக" என்று இருக்கிறது.
அதன் கீழே என் கையெழுத்து,
வலப்பக்கம் சாய்ந்து, அவசரமாக,
யாரையோ நம்பும் எழுத்து.
தற்காலிகத்துக்கு இப்போது வயது பத்தொன்பது.
ஓட்டுப் போடும் வயது.
போட்டால் எங்கள் பக்கம் போடுமா?

காலை ஆறு பத்துக்கு டுலூத் விமானம் வேறு யாரோ ஓட்டுவார்கள்;
என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன்.
தாகமாக இருந்தது.
குடுவையை எடுத்து ஊற்றி, மெதுவாக, முழுவதும் குடித்தேன்.
பன்னிரண்டாவது ஆளாக நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அறுபத்தொன்றாம் பக்கம்" என்றேன்.

லைல் புரட்டத் தொடங்கினான்.
அவனுடைய பிரதி புதிது.
தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
பிரிய மறுத்தன.