மேசைமேல் சாவி

ஐந்து மாத வாடகை பாக்கி.
கோப்பின் முதல் வரி அதுதான்.
இரண்டாம் வரியில் முகவரி:
தம்பெரே நகரம்,
ட்ராம் பாதைக்காகத் தோண்டிப் போட்ட
ஒரு தெருவின் கிழக்குப் பக்கம்.

நான் யார் பக்கமும் இல்லை.
அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் சம்பளம்.
மூன்றாம் மாடி, வட்ட மேசை, மூன்று நாற்காலி,
ஃபிளாஸ்கில் காபி.
வெளியே
பகல் பதினொன்றுக்கும் விளக்கணையாத டிசம்பர்.

ஹெய்னி ரௌதியோ முதலில் வந்தாள்.
நாய்களுக்கு முடி வெட்டும் கடை அவளுடையது.
கோட்டெல்லாம் வெள்ளை ரோமம்.
தட்டினாள், போகவில்லை, விட்டுவிட்டாள்.
உட்காருவதற்கு முன்பே பையைத் துழாவிச்
சாவியை எடுத்து மேசையில் வைத்தாள்.
"இதோடு முடித்துவிடலாம்."

தௌனோ ஹிர்வேலா
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
ஓய்வூதியத்துக்குத் துணையிருக்கும் என்று
வாங்கிப்போட்டது அந்த ஒரே ஒரு கடையறை.
சாவியைப் பார்த்தார்.
எடுக்கவில்லை.

இந்த ஊரில் மௌனமும் ஒரு பதில்.
கோபமாக இருக்கலாம், சம்மதமாக இருக்கலாம்,
காபி ஆறட்டும் என்பதாகவும் இருக்கலாம்.
சுவர்க்கடிகாரம் மட்டும்
நாலு நிமிடம் பேசியது.

பிறகு அவள்:
வேலி போட்ட நாள் முதல்
கடைக்கு வர ஒற்றைப் பலகைதான் வழி.
பலகை ஆடும். நாய் கால் வைக்காது.
நாற்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு
எவர் பள்ளம் தாண்டுவார், முடி வெட்ட?

சிரித்தது நான் மட்டும்.
சிரித்திருக்கக் கூடாது.

அவர் உள்பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தார்.
கட்டடச் சங்கம் அவருக்கு அனுப்பியது.
மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணம் நிலுவை:
வெப்பக் குழாய், கூரையில் பனி அள்ளிய கூலி.
கட்டாவிட்டால்
அறையைச் சங்கமே எடுத்துக்கொள்ளும்.
"நீ எனக்குத் தரவில்லை, நான் அவர்களுக்குத் தரவில்லை."
அன்று அவர் பேசியதில்
அதுதான் மிக நீளம்.

ஹெய்னி அதை இரண்டு முறை படித்தாள்.
தேதியின்மேல் விரல் வைத்தாள்.
காலி செய்யச் சொல்லி
அவர் தனக்கு நோட்டீஸ் அனுப்பியதற்கு
முந்தின நாள்.

நான் காகிதம் எடுத்தேன்.
ட்ராம் ஓடும்வரை பாதி வாடகை.
நஷ்டஈடு கேட்டு நகராட்சிக்கு மனு,
இரண்டு கையெழுத்தோடு ஒரே மனு.
பொறுக்கச் சொல்லிச் சங்கத்துக்கு நான் எழுதுகிறேன்.
பொறுப்பார்களா, தெரியாது.

பழைய பாக்கியைப் பதினெட்டுத் தவணை என்றார் அவர்.
முப்பது என்றாள்.
காபி ஊற்றினேன்.
இருபத்துநான்கில் வந்து நின்றபோது
இருவர் முகமும் ஒரே அளவு வாடியது.
நல்ல ஒப்பந்தத்துக்கு அதுதான் அடையாளம் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.
பாதி வாடகையில் கட்டணம் கட்டியபின்
அவர் கையில் மிஞ்சுவது பதினோரு யூரோ.
திரும்பவும் கூட்டிப் பார்த்தேன்.
பதினொன்றேதான்.

"இரண்டு மணிக்கு ஒரு பூடில் வருகிறது"
என்று எழுந்தாள்.
அவர் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பைகளை அடுக்கும்போது பார்க்கிறேன்:
சாவி மேசையிலேயே இருக்கிறது,
அவள் வைத்த இடத்தில்,
அவர் எடுக்காத இடத்தில்.
மணி ஒன்று இருபது.

யாரை அழைப்பது முதலில்?
இத்தனை வருடத்தில்
எந்தப் படிவமும் கேட்காத கேள்வி.
கோட்டுகூடப் போடாமல்
மூன்று மாடியும் இறங்கி ஓடினேன்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்,
இடையில் இன்னும் ஒருவர் நிற்கலாம் போல
இடம் விட்டு.
நான் சாவியை நீட்டினேன்,
எவர் பக்கமும் இல்லாமல், நடுவில்.

வாங்கியது அவர்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.
அவள் பார்க்காமல் நின்றாள்.
பேருந்து வந்தது. ஓட்டுநர் கையசைத்தார்,
பழைய பழக்கம் போல.
இவரும் கை தூக்கினார். ஏறவில்லை.

அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"ஆடுகிறது என்றாயே,
எந்த முனை?"