அரை மாத்திரை

ஞாயிறு ராத்திரி, ஏழு குழி டப்பா.
பதினாறு வருஷம் களியக்காவிளை அண்டியாபீசில்
பருப்புத் தரம் பிரித்த விரல் இது.
முழுசு, பிளவு, குருணை:
கண்ணை மூடினாலும் நகம் சொல்லிவிடும்.
ஆனால் மாத்திரையைச் சரிபாதியாய் உடைக்க
இந்த நகத்துக்கு வரவில்லை.
ஒரு பாதி எப்போதும் கொஞ்சம் பெரிசு.
பெரியது திங்களுக்கு, கணக்குப் பரீட்சை.
சின்னது செவ்வாய்க்கு.
மிச்சத் தூளை ஒருநாள் நக்கிப் பார்த்தேன்.
கசந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

ஆன்றோவுக்குப் பதினைந்து வயசு.
காலையில் ஒன்று, அவன் உட்காருவதற்கு.
உட்கார்ந்தான். பசி எழுந்து போனது.
மத்தியானச் சோறு டிபன் பாக்சிலேயே
வேர்த்துத் திரும்பி வரும்.
சாயங்காலம் அது இறங்கும்போது
கதவை உதைத்தான், அதற்கு ஒன்று.
தூக்கம் போனது, அதற்கு ஒன்று.
பிறகு ராத்திரி பத்து மணிக்குப் பசி திரும்பி வந்தது,
மூன்று ஆள் பசியாய்.
மரச்சீனிச் சட்டியைச் சுரண்டும் சத்தம்
எனக்குப் படுக்கையில் கேட்கும்.
கை நடுங்கியது. அதற்கும் ஒன்று.

பஸ் வரைகிறவன் அவன்.
சிவப்பு பஸ், பச்சை பஸ்,
ஜன்னல் கம்பி எண்ணிக்கைகூடத் தப்பாது.
இப்போது கம்பியெல்லாம் நெளிந்தன,
தண்ணீருக்குள் ஓடும் பஸ்போல.

நாகர்கோவில் டாக்டர் நல்ல மனுஷர்.
ஜன்னல் கண்ணாடி உடைந்த வாரம்
மஸ்கட்டிலிருந்து இவன் அப்பா சொன்னார்,
திருவனந்தபுரத்தில் காட்டு என்று.
காட்டினேன்.
அவரிடம் இவரைச் சொல்லவில்லை,
இவரிடம் அவரைச் சொல்லவில்லை.
வெட்கம்.
ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு
இன்னொரு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

நாலு மாசம்.
பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: "இப்பம் நல்ல பிள்ளை."
நானும் சந்தோஷப்பட்டேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் புதுசாய் வந்த பெண் ரெம்யா,
பாறசாலைக்காரி,
நீலப் பட்டையையும் வெள்ளிப் பட்டையையும்
கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
"சேச்சீ, இது ரெண்டும் ஒண்ணு தன்னே."
பெயர் வேறு, கம்பெனி வேறு,
மருந்து ஒன்று.
வெளியே எல்லையில் கோழி லாரியை நிறுத்தி
கூடு கூடாய் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
என் பையை இத்தனை நாள்
ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை.

ரெண்டு ஃபைலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.
திட்டுவார் என்றிருந்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார்:
"நீ சொல்லு. எது எப்படி இருக்கு?"
அவன் என்னைப் பார்த்தான்.
இந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை.

"காலையில உள்ளது இருக்கட்டு.
அதப் போட்டா எழுத்து வரியில நிக்கும்.
ராத்திரி உள்ளத ரெண்டும் போட்டா
நான் நனைஞ்ச சாக்கு."

ஒரேயடியாய் நிறுத்தக்கூடாது என்றார்.
முதலில் ரெண்டை ஒன்றாக்கி,
அதைப் பாதியாக்கி, பிறகு காலாக்கி.
காலாக உடைத்தால் குருணைதான் மிஞ்சும்,
அதற்கென்று ஒரு சின்னக் கத்தி வாங்கினேன்.
ரெண்டாம் வாரம் அவன் தூங்கவே இல்லை.
நானும்.
விடியும்வரை மொட்டைமாடியில் நடந்தான்,
கீழே கட்டிலில் கிடந்து அடியை எண்ணினேன்.
பழையபடி கொடுத்துவிடலாமா என்று
டப்பாவை மூன்று தரம் திறந்து மூடினேன்.

மூன்றாம் மாசம், காட்டிவிட்டுத் திரும்பும் பஸ்.
அமரவிளை வந்ததும் எழுந்து நின்றான்,
கண்டக்டரிடம், பஸ் முழுக்கக் கேட்கும்படி,
ஏழு நிமிஷம் லேட்டு என்றான்.
முன்சீட்டுக்காரர் திரும்பினார்.
ஒரு குழந்தை அழத் தொடங்கியது.
"இருலே மக்கா" என்பது நாக்கு நுனிவரை வந்தது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாறசாலை தாண்டியதும்
"ஒம்பது" என்றான்.